பயேயாவில் காணாமல் போன 'த'

ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் சமைக்கும் பயேயா என்ற சோற்றுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு காதல் கதைதான் பதிலாகக் கிடைக்கும். ஒருவன் தன் காதலிக்காக முதன்முதலில் இதைச் சமைத்தானாம். ஸ்பானிய மொழியில் 'பாரா எய்யா' என்றால் 'அவளுக்காக'. அதுதான் சுருங்கிப் 'பயேயா' ஆனதாம். இன்னொரு கதை அரபு ஆட்சிக் காலத்துக்குப் போகிறது. அரண்மனை விருந்தில் மிஞ்சியதை வேலையாட்கள் ஒன்றாகக் கலந்து வீட்டுக்கு எடுத்துப் போனார்களாம். 'மிச்சம்' என்று பொருள்படும் 'பகிய்யா' என்ற அரபுச் சொல்தான் பயேயாவாக மாறியது என்பார்கள்.

இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டுமே தவறு. உண்மைக் கதை இவற்றைவிட எனக்கு அழகாகப் படுகிறது. அதில் காதலி இல்லை, அரசன் இல்லை. ஒரு சட்டியும், அதன் பெயரின் நடுவிலிருந்து காணாமல் போன ஒரே ஒரு மெய்யெழுத்தும் இருக்கின்றன.

பயேயா முதலில் சோற்றின் பெயரே அல்ல, சட்டியின் பெயர். வட்டமாக, அகலமாக, ஆழம் குறைவாக, இரண்டு பக்கமும் காது வைத்த இரும்புச் சட்டி. வலென்சியாவில் பேசுவது ஸ்பெயினின் வடகிழக்கில் வழங்கும் கட்டலான் மொழியின் ஒரு வடிவம். அங்கே 'பயேல்யா' என்றால் வாணலி. மீன் பொரித்தாலும் முட்டை பொரித்தாலும் அதே சொல்தான். இதன் மூலம் லத்தீனின் 'பத்தெல்லா'. லத்தீன் எழுத்தில் அங்கே ஒற்றை 'த'தான் இருக்கிறது. தமிழில் ஒற்றைத் 'த' எழுதினால் நாம் அதை மென்மையாகப் படித்துவிடுவோம் என்பதால் 'த்த' என்று இரட்டித்து எழுதுகிறேன். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான் போகப்போகிறது.

'பத்தினா' என்று ரோமானியர்களிடம் ஓர் அகன்ற தட்டு இருந்தது. கிரேக்கர்களிடமிருந்து வாங்கிய சொல் அது. அதோடு '-எல்லா' என்ற சிறுமை விகுதி சேர்ந்து 'பத்தெல்லா' ஆயிற்று, அதாவது குட்டிப் பத்தினா. அப்பீசியஸ் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் ரோமானியச் சமையல் நூலின் நான்காம் பகுதியில் பத்தினா என்ற பெயரிலேயே வரிசையாகப் பதார்த்தங்கள் வருகின்றன. பெரும்பாலானவை முட்டை அடித்து ஊற்றி, மீனோ காய்கறியோ சேர்த்து, தட்டோடு சூடேற்றி இறுகவைப்பவை. அதாவது பாத்திரத்தின் பெயர் பண்டத்தின் பெயராவது வலென்சியாவில் தொடங்கியதல்ல, ரோமிலேயே நடந்த வேலை.

பத்தெல்லா அடுப்படியோடு நிற்கவில்லை, சாமிக்குப் படைக்கவும் அதுதான். ரோமானிய வீடுகளில் லாரெஸ் என்னும் இல்லத் தெய்வங்களுக்குச் சாப்பாட்டில் ஒரு பங்கை அதில் வைத்துக் கொடுப்பார்கள். ரோமானிய நாடகாசிரியர் பிளாவுட்டஸின் நாடகமொன்றில் ஒரு கதாபாத்திரம் பெரிய சாமி, சின்ன சாமி எல்லாவற்றின் மேலும் ஆணையிட்டுவிட்டு, கடைசியில் 'பத்தெல்லாச் சாமிகளையும்' சேர்த்துக்கொள்ளும். தட்டில் வைத்ததைச் சாப்பிடும் வீட்டுத் தெய்வங்கள்! பணம் உள்ளவர்களிடம் இந்தத் தட்டு வெள்ளியில் இருந்தது. சிசிலியின் ஆளுநராக இருந்து கொள்ளையடித்த வெர்ரெஸ் மீது கி.மு. 70இல் வழக்கு நடந்தது. அதற்காக ரோமானிய வழக்கறிஞர் சிசரோ எழுதிய உரையில், ஓரளவு வசதியுள்ள எந்தச் சிசிலி வீட்டிலும் தெய்வ உருவங்கள் பதித்த ஒரு பெரிய பத்தெல்லா இருந்தது, வெர்ரெஸ் வந்துபோன பிறகு இல்லை என்கிறார்.

4ஆம் நூற்றாண்டில் புனித ஜெரோம் தன் சொந்த ஊரைப் பற்றி நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஊர்க்காரர்களுக்கு வயிறுதான் கடவுள் என்று பொரிந்து தள்ளிவிட்டு, அவர்களுக்கு வாய்த்த பாதிரியாரைப் பற்றி, 'மக்கள் பழமொழி சொல்வதுபோல, இந்தப் பத்தெல்லாவுக்குத் தகுந்த மூடி வந்து சேர்ந்தது' என்கிறார். படித்ததும் எனக்கு ஒரு சிலிர்ப்பு. ஜாடிக்கேத்த மூடி! இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. அடுப்படியில் நின்றவர்கள் எல்லோருக்கும் தோன்றக்கூடியதுதான்.

சரி, அந்தத் 'த'வுக்கு வருவோம். 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'பதம்' என்று சொல்லுங்கள். முதலாவதில் த வன்மையாக ஒலிக்கிறது, இரண்டாவதில் குழைந்துவிடுகிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட வல்லினம் மெலிந்துபோவது நம் வாயில் தினமும் நடப்பது. ரோமானியப் பேரரசின் மேற்குப் பகுதிகளில் பேசிய லத்தீனிலும் நாளடைவில் இதுவே நடந்தது. வன்மையாக இருந்த த, ஸ்பெயின் பக்கம் மென்மையான த ஆயிற்று. வடக்கே, இன்றைய பிரான்ஸ் பகுதியில், அது இன்னும் ஒரு படி போய் மறைந்தே போனது. நடு மெய் மறைவதும் நமக்குப் புதிதல்ல. 'பகுதி' என்பதில் நடுவிலிருந்த கு கரைந்து 'பாதி' ஆயிற்று. 'மிகுதி' அப்படியே 'மீதி' ஆயிற்று.

இதில் முக்கியமானது ஒழுங்கு. ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததல்ல இது. லத்தீனில் வாழ்க்கை 'வீத்தா'. கட்டலானிலும் ஸ்பானியத்திலும் அது மென்மையான 'வீதா'. பிரெஞ்சில் வெறும் 'வீ'. சங்கிலிக்கு லத்தீன் சொல் 'கத்தேனா'. கட்டலானிலும் ஸ்பானியத்திலும் 'கதேனா', பிரெஞ்சில் 'ஷேன்'. சக்கரம் லத்தீனில் 'ரோத்தா', கட்டலானில் 'ரோதா', பிரெஞ்சில் 'ரூ'. எத்தனை சொற்களை எடுத்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பிசகுவதில்லை. மொழியியலாளர்கள் ஒலிவிதி என்று சொல்வது இதைத்தான்.

இப்போது பத்தெல்லாவைப் போட்டுப் பாருங்கள். ஸ்பானியத்தில் மென்மையான த வரவேண்டும். வருகிறது. '-எல்லா' என்ற முடிவு அங்கே '-ஈயா' ஆகும், 'கஸ்தீயா' என்ற நாட்டுப் பெயர் உருவானது போலவே. ஆக 'பதீயா'. சின்ன வாணலி என்ற பொருளில் அகராதியில் இன்றும் இருக்கிறது. அன்றாடப் பேச்சில் கேட்பது அரிது, ஆனால் ஊர்ப் பெயராகவும் குடும்பப் பெயராகவும் உயிரோடு இருக்கிறது. பேரரசர் ஐந்தாம் சார்லஸை எதிர்த்துக் கிளம்பிய நகரங்களின் கலகத்துக்குத் தலைமை தாங்கி 1521இல் தலை வெட்டப்பட்ட ஹுவான் தெ பதீயாவின் பெயர் இதுதான். பிரெஞ்சில் த மறையவேண்டும். மறைந்து, பழைய பிரெஞ்சில் 'பயேல' ஆயிற்று.

கட்டலானில் என்ன வரவேண்டும்? 'பதேல்யா'. ஆனால் இருப்பது 'பயேல்யா'. த எங்கே?

இதற்கு ஒரு சாட்சி அதே அடுப்படியிலேயே இருக்கிறது. லத்தீனில் 'ஸ்கூத்தெல்லா' என்றொரு கிண்ணம் உண்டு. பத்தெல்லாவுக்குத் தங்கை என்றே சொல்லலாம், அதே '-த்தெல்லா' முடிவு. ஸ்பானியத்தில் இது 'எஸ்குதீயா', பிரெஞ்சில் த போய் 'எக்யுவெல்', கட்டலானில் 'எஸ்குதேல்யா'. கட்டலானில் த பத்திரமாக இருக்கிறது! குளிர்காலத்தில் கட்டலோனியா வீடுகளில் இறைச்சியும் காய்கறியும் கொதிக்கவைத்துச் செய்யும் சூப்புக்கு இன்றும் எஸ்குதேல்யா என்றுதான் பெயர். பாருங்கள், இங்கேயும் கிண்ணம் பண்டமாகிவிட்டது. ஒரே அமைப்புள்ள இரண்டு சொற்களில் ஒன்று த வைத்திருக்கிறது, மற்றது தொலைத்திருக்கிறது. அப்படியானால் தொலைத்தது அந்த மண்ணிலேயே வளர்ந்த பிள்ளை இல்லை. த மறையும் ஊருக்குப் போய், அங்கே அதைத் தொலைத்துவிட்டு வந்த சொல்.

கட்டலான் மொழிக்கும் ஸ்பானிய மொழிக்கும் மாபெரும் சொற்பிறப்பு அகராதிகளைத் தொகுத்த ஜோன் கோரோமினஸ் சொன்ன விளக்கம் இதுவே: பயேயா லத்தீனிலிருந்து நேராக வலென்சியாவுக்கு வரவில்லை, பழைய பிரெஞ்சின் பயேல வழியாக வந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, சிகாகோவில் பேராசிரியராக இருந்துகொண்டே இந்த வேலையைச் செய்தவர் அவர். வலென்சியாவின் அடையாளம், ஸ்பெயினின் கொடி போலவே உலகம் பார்க்கும் ஓர் உணவு, அதன் பெயர் பிரெஞ்சுக்காரர்களின் வாயில் புகுந்து வந்தது என்று சொல்ல ஒரு கட்டலான்காரருக்குக் கொஞ்சம் நேர்மை வேண்டும். ஒரு மெய்யெழுத்து சொல்லும் சாட்சியத்தை அவர் தட்டிக்கழிக்கவில்லை.

'அவளுக்காக' என்ற கதை இந்த இடத்தில்தான் உடைகிறது. பழைய பிரெஞ்சின் பயேல, இத்தாலியின் பதெல்லா, ஸ்பானியத்தின் பதீயா எல்லாமே வாணலிகள். காதலி கதை இவற்றில் ஒன்றைக்கூட விளக்காது.

பாத்திரத்தின் பெயர் இப்படி ஊர்விட்டு ஊர் போவது அதிசயமில்லை. வாங்கி விற்கும் பொருள் அது, பொருள் வரும்போது பெயரும் கூடவே வரும். நம் பக்கமே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழர்கள் பொரிக்கும் சட்டியைத் தாச்சி என்கிறார்கள், அது போர்த்துகீசியர்களின் 'தாஷு'. குசினி என்பதும் போர்த்துகீசியர்களின் 'குஸீனியா'தான், அதற்குப் பின்னால் லத்தீனின் 'கொக்கீனா' நிற்கிறது. பத்தெல்லா நம்மிடம் வரவில்லை, ஆனால் அதன் சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

இத்தாலியைப் பற்றியும் சொல்லவேண்டும், அங்கே வேறொரு புதிர். டஸ்கனி வட்டாரத்தின் பேச்சுதான் இன்றைய இத்தாலிய மொழிக்கு அடிப்படை. அது லத்தீனின் வன்மையான த-வை வழக்கமாக விடாமல் வைத்திருக்கும். வாழ்க்கை இன்றும் 'வீத்தா', சங்கிலி இன்றும் 'கத்தேனா'. ஆனால் வாணலி மட்டும் மென்மையாகி 'பதெல்லா', கிண்ணமும் 'ஸ்கொதெல்லா'. வடக்கு இத்தாலியின் பேச்சு வழக்குகளில் இந்த மென்மை இயல்பு. அங்கிருந்து கீழே வந்ததா, டஸ்கனியே சில சொற்களில் மட்டும் மெலிந்ததா என்று அறிஞர்கள் நீண்டகாலமாக வாதிடுகிறார்கள். தெற்கே சிசிலியில் இன்னொரு மாற்றம். இரட்டை ல அங்கே நாவை மடித்து ஒலிக்கும் ட போல ஆகிவிடும். நம் 'ட' தெரிந்த நாக்குக்குச் சிரமமில்லாத ஒலி, பிற ஐரோப்பியர்களுக்குத்தான் கஷ்டம். 'வாணலிக்குப் பயந்து அடுப்பில் விழுந்த கதை' என்று நாம் சொல்வதை இத்தாலியர்கள் 'பதெல்லாவிலிருந்து தணலில் விழுவது' என்கிறார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிக்கு வைக்கும் மலத்தட்டுக்கும் அங்கே பதெல்லா என்றுதான் பெயர். அகன்ற, ஆழமற்ற தட்டு என்ற வடிவம்தான் அந்தப் பெயரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

பிரெஞ்சில் பயேல அதோடு நிற்கவில்லை. உச்சரிப்பு மாறி மாறி இன்று அது 'ப்வால்'. லத்தீனின் பத்தெல்லாவையும் இதையும் அருகருகே வைத்தால் உறவே தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சில் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே உச்சரிப்புடன் மூன்று 'ப்வால்' இருக்கின்றன. பெண்பாலில் வந்தால் வாணலி. ஆண்பாலில் வந்தால் வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்பு, அது 'தொங்கும்' என்று பொருள்படும் 'பென்ஸிலே' என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியக் குளியலறைகளில் தரையைத் தூண்களின் மேல் உயர்த்திக் கீழே சூடான காற்றை ஓடவிடுவார்கள். அந்தத் 'தொங்கும்' தரையால் சூடான அறைக்கு இந்தப் பெயர் ஆகி, பிறகு அறையைச் சூடாக்கும் அடுப்புக்கு மாறியது. மூன்றாவது ப்வால், சவப்பெட்டியின் மேல் விரிக்கும் துணி. அது 'பல்லியும்' என்ற மேலாடையின் வாரிசு. மூன்று வெவ்வேறு ஊர்களில் பிறந்தவர்கள் ஒரே முகத்தோடு ஒரே தெருவில் நடப்பது போல.

தத்துவஞானி தெகார்த் 1637இல் வெளியிட்ட நூலில், 1619ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜெர்மனியில் 'நாள் முழுக்கத் தனியாக ஒரு ப்வாலுக்குள் அடைந்து கிடந்தேன்' என்று எழுதுகிறார். அங்கே உட்கார்ந்து யோசித்துத்தான் அவருடைய முறை பிறந்தது. இன்றைய பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர் படித்தால் மனிதர் அடுப்புக்குள் உட்கார்ந்திருந்தார் என்று நினைப்பார். அவர் சொன்னது அடுப்பால் சூடான அறையை. சொல்லின் பொருள் அறையிலிருந்து அடுப்புக்கு நகர்ந்த வழியில் பாதித் தூரத்தில் அந்த வாக்கியம் உறைந்து நிற்கிறது.

பழைய பிரெஞ்சின் பயேல ஸ்பானியத்துக்குள் இன்னொரு வாசல் வழியாகவும் நுழைந்தது, 'பைலா' என்ற வடிவில். ஆக ஒரே பத்தெல்லாவுக்கு ஸ்பானியத்தில் மூன்று வாரிசுகள். வீட்டிலேயே வளர்ந்த பதீயா, பிரெஞ்சிலிருந்து நேராக வந்த பைலா, பிரெஞ்சிலிருந்து வலென்சியா வழியாகச் சுற்றி வந்த பயேயா. இவற்றில் கடல் கடந்து பெருவாழ்வு வாழ்ந்தது பைலா. கரும்பாலைகளில் சாறு காய்ச்சும் கொப்பரைக்கும் அந்தப் பெயர்தான். கியூபாவில் உலோக உடல் கொண்ட ஒரு சோடித் தாளவாத்தியத்தைப் பைலாக்கள் என்பார்கள், வெளியுலகம் அதைத் திம்பாலெஸ் என்று அறியும். ஈக்வடாரின் இபார்ரா நகரில் பைலா ஐஸ்கிரீம் பிரபலம். 1897இல் ரோசாலியா சுவாரெஸ் என்ற பெண் தொடங்கிவைத்த வழக்கம் அது. உப்பும் வைக்கோலும் சேர்த்த பனிக்கட்டிமேல் ஒரு பெரிய வெண்கலப் பைலாவை வைத்து, பழச்சாற்றை ஊற்றி, பைலாவைச் சுழற்றிக்கொண்டே மரக்கரண்டியால் அடிப்பார்கள். நெருப்பில் ஏற்றவே பிறந்த ஒரு பாத்திரம் அங்கே பனிமேல் உட்கார்ந்திருக்கிறது. சிலியில் கடலுணவுச் சூப்புக்கே 'பைலா மரீனா' என்று பெயர், பாத்திரம் மறுபடியும் பண்டமாகிவிட்டது. அப்புறம் கொலம்பியாவில் இளைஞர்கள் பேச்சில் 'பைலா!' என்றால் 'போச்சு, அவ்வளவுதான்' என்று பொருள்.

அடுப்படிக்கு வெளியே போன பத்தெல்லாக்களும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதிய செல்சுஸ், முழங்காலின் முன்னால் தனியாக அசையும் அந்தச் சிறு எலும்பைப் பத்தெல்லா என்றார். இன்றும் மருத்துவர்களுக்கு அது பட்டெல்லாதான். தமிழில் அதே எலும்பை முழங்கால் சிரட்டை என்கிறோம். அவர்கள் கண்ணுக்குச் சட்டியாகவும் நம் கண்ணுக்குத் தேங்காய்ச் சிரட்டையாகவும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். கடற்பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூம்பு ஓட்டு நத்தை இனமொன்றுக்கு 1758இல் உயிரியல் அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயரும் பத்தெல்லாவே. பிரிட்டனில் ரோமானியர்கள் இருந்த காலத்தில் இந்தச் சொல் கெல்டிய மொழிக்குள் புகுந்து, வெல்ஷ் மொழியில் இன்றும் வாணலிக்கான சொல்லாக இருக்கிறது. முழங்கால் சிரட்டைக்கும் வெல்ஷ்காரர்கள் அதையே, முழங்காலின் சட்டி என்ற அமைப்பில், சொல்கிறார்கள். லத்தீன் பேசாத ஒரு மக்கள் இரண்டு பொருளையும் பத்திரமாக வைத்திருப்பதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

எல்லா இடத்திலும் பத்தெல்லா ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயினின் பெரும்பகுதியில் வாணலிக்கு அன்றாடச் சொல் 'ஸர்தேன்', அது 'ஸர்தாகோ' என்ற வேறொரு லத்தீன் வாணலியின் பிள்ளை. அதே சொல் போர்ச்சுகலில் 'செர்தா' என்ற ஊருக்குப் பெயராக நிற்கிறது. முட்டை பொரித்துக்கொண்டிருந்த செலிந்தா என்ற பெண், கோட்டையைத் தாக்க வந்த ரோமானியர்கள் தலையில் கொதிக்கும் எண்ணெயைச் சட்டியோடு கவிழ்த்தாள் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ருமேனியா வாணலிக்கு ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டது.

மறுபடியும் வலென்சியாவுக்கு. இந்தச் சோற்றுக்கு முன்பு இருந்த பெயர் நேரடியானது: பயேல்யாவில் செய்த சோறு. அல்புஃபேரா ஏரியைச் சுற்றி விளையும் குண்டு அரிசி, கோழி, முயல், தட்டையான பச்சை அவரை, 'கர்ரொஃபோ' என்னும் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய். ஆரஞ்சு மர விறகில் ஏற்றுவார்கள். இத்தனைக்கும் நடுவில் சமையலை நடத்துவது சட்டியின் வடிவம்தான். அகலமாக, ஆழமில்லாமல் இருப்பதால் அரிசி ஒரு விரல் கனத்துக்குத்தான் பரவும். தண்ணீர் சீக்கிரம் வற்றும், சோறு குழையாது. கடைசியில் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் காந்தலை அங்கே 'சொக்கர்ராத்' என்பார்கள், அதற்காகவே சட்டியைச் சுரண்டுவார்கள். ஆழமான பானையில் இது எதுவும் நடக்காது. அதனால் பயேல்யாவில் செய்த சோறு என்ற நீண்ட பெயர் 19ஆம் நூற்றாண்டில் சுருங்கியபோது, மிஞ்சியது சோறு அல்ல, சட்டி. 2021இல் வலென்சியா அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

இதில் சட்டி தன் பெயரை இழந்தது. பயேயா என்றதும் ஸ்பெயின் முழுக்கச் சோறு நினைவுக்கு வர ஆரம்பித்ததால், சட்டியைச் சொல்ல ஒரு புதிய சொல் தேவைப்பட்டது. பாத்திரங்களைக் குறிக்கும் ஒரு விகுதியைச் சேர்த்து, 'பயேயா வைக்கிற பாத்திரம்' என்ற பொருளில் 'பயேயேரா' என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். அகராதியும் ஏற்றுக்கொண்டது. வலென்சியாக்காரர்கள் பலருக்கு இது இன்றும் பிடிக்காது. அவர்களைப் பொறுத்தவரை அடுப்பில் இருப்பதும் பயேயா, அதற்குள் வேகுவதும் பயேயா.